புரோபும் சர்க்யூட்டில் ஒரு பாகம்தான்

ஒரு ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டர் போர்டை ஆசிலோஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) சோதித்துக்கொண்டிருந்தேன். ஸ்விட்ச் ஆகும் ஒவ்வொரு விளிம்பிலும் அசிங்கமாக ஒரு ரிங்கிங், அதாவது மணி அடித்தது போல உடனே அடங்காத அதிர்வு. ஸ்னபர் (அதிர்வை அடக்கும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஜோடி) போட்டால் அடங்கிவிடும் என்று நினைத்து ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் மாற்றி மாற்றி சால்டர் செய்ததில் இரண்டு நாள் போய்விட்டது. உயரம் கொஞ்சம் கூடும், குறையும், ஆனால் எந்த மதிப்பைப் போட்டாலும் அந்த ரிங்கிங்கின் அதிர்வெண் மட்டும் 130 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே நின்றது, நகரவே இல்லை. அங்கேதான் சந்தேகம் வந்தது. சர்க்யூட்டில் இத்தனை மாற்றியும் அதிர்வெண் அசையவில்லை என்றால், நான் இதுவரை தொடாத ஏதோ ஒன்றுதான் அதைத் தீர்மானிக்கிறது. நான் தொடாமல் விட்டது, போர்டின் புள்ளியை ஸ்கோப்போடு இணைக்கும் புரோப்.

புரோபின் நீள கிரவுண்ட் கிளிப்பைக் கழற்றினேன். முனைக்கு மேல் போட்டிருக்கும் பிளாஸ்டிக் கொக்கியை உருவினால் உள்ளே ஊசி போன்ற முனையும் அதைச் சுற்றி ஒரு உலோக வளையமும் தெரியும். அந்த வளையத்தில் மெல்லிய செம்புக் கம்பியை இரண்டு சுற்று சுற்றி, நுனியை அரை அங்குலம் மட்டும் நீட்டி, அளக்கும் இடத்துக்கு ஒட்டிய கிரவுண்டில் அழுத்திப் பிடித்தேன். ரிங்கிங் போய்விட்டது. சின்னதாக ஒரு ஓவர்ஷூட் (அளவைத் தாண்டிய துள்ளல்) மட்டும் மிச்சம், அது உண்மையிலேயே போர்டில் இருந்தது.

அன்றிலிருந்து "100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் வைத்திருக்கிறேன், எந்த புரோப் வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும், எதை அளக்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். அளக்கும் புள்ளியோடு சேர்ந்து ஒரு ரெசிஸ்டராக, கெப்பாசிட்டராக, இண்டக்டராக புரோப் உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் புள்ளி அதைத் தாங்குமா என்பதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். புரோபின் மேல் அச்சடித்த மெகாஹெர்ட்ஸ் அதற்கு அடுத்த விஷயம்.

ஸ்கோப்போடு வரும் சாதாரண 10எக்ஸ் பாசிவ் (உள்ளே ஆம்ப்ளிஃபையர் இல்லாத) புரோபையே எடுத்துக்கொள்வோம். முனையில் 9 மெகாஓம் ரெசிஸ்டர், ஸ்கோப்பின் உள்ளே 1 மெகாஓம், ஆக சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது. அட்டையில் 10 மெகாஓம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, இது சர்க்யூட்டை எங்கே பாதிக்கப் போகிறது என்று நினைத்துவிடுவோம். அந்த எண் டிசிக்கு மட்டும்தான் பொருந்தும். முனையில் ஏறத்தாழ 10 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 மெகாஹெர்ட்ஸில் அது 16 கிலோஓம். 10 மெகாஹெர்ட்ஸில் 1.6 கிலோஓம். 100 மெகாஹெர்ட்ஸில் வெறும் 159 ஓம். வேகமான சிக்னல் ஒன்றின் மேல் 159 ஓம் ரெசிஸ்டரைக் கொண்டுபோய் கிரவுண்டுக்குக் கட்டினால் என்ன ஆகும்? கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறோம்.

இது பெரிதாகக் கடிக்கும் இடம் கிரிஸ்டல். மைக்ரோகண்ட்ரோலருக்குப் பக்கத்தில் இருக்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலை எடுத்துக்கொண்டால், அதற்குத் தேவையான லோட் கெப்பாசிட்டன்ஸே பல பாகங்களில் 12.5 பிக்கோஃபாரட்தான், சிலவற்றில் அதற்கும் குறைவு. அதன் காலில் இன்னொரு 10 பிக்கோஃபாரட்டைச் சேர்த்தால் அதிர்வெண் நகரும், பல நேரம் ஓசிலேஷனே நின்றுவிடும். அப்புறம் கிரிஸ்டல் போய்விட்டது என்று முடிவுகட்டி நல்ல பாகத்தைப் பிடுங்கிப் போட்டுவிடுவோம். கிரிஸ்டல் காலில் புரோப் வைக்காதீர்கள். பெரும்பாலான மைக்ரோகண்ட்ரோலர்களில் கிளாக்கை வேறொரு பின்னுக்கு வெளியே கொண்டுவர வசதி இருக்கும், அங்கே அளங்கள், இடையில் பஃபர் இருப்பதால் கிரிஸ்டலுக்குத் தெரியவே தெரியாது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. புரோப் வைத்தால் போர்டு ஒழுங்காக ஓடும், எடுத்தால் கோளாறு. பார்த்தால் ஏதோ ஒரு சீமாஸ் சிப்பின் உள்ளீடு எங்கும் கட்டப்படாமல் மிதந்துகொண்டிருக்கும், புரோபின் 10 மெகாஓம் அதைக் கிரவுண்டுக்கு இழுத்துப் பிடித்திருக்கும். இப்படி நடந்தால் எரிச்சல்படாதீர்கள், கோளாறு எங்கே என்று புரோபே காட்டிக்கொடுத்துவிட்டது.

புரோப் எவ்வளவு பாதிக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த எளிய வழி: ஒரு புரோபில் அலையைப் பார்த்துக்கொண்டே, அதே மாதிரி இன்னொரு புரோபை அதே புள்ளியில் தொடுங்கள். முதல் அலை மாறினால், முதல் புரோபும் ஏறத்தாழ அதே அளவுக்கு ஏற்கெனவே அதை மாற்றியிருக்கிறது என்று அர்த்தம். மாறவில்லை என்றால் நிம்மதியாக அளக்கலாம்.

சரி, 1எக்ஸ், 10எக்ஸ் சுவிட்ச். மலிவான புரோப்களின் கைப்பிடியில் ஒரு சின்ன ஸ்லைடு சுவிட்ச் இருக்கும், ஒன்றில் இரண்டு என்று பார்க்க லாபமாகத் தெரியும். 1எக்ஸில் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் ஸ்கோப்பின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து 100 பிக்கோஃபாரட் அளவில் நேராகச் சர்க்யூட்டின் தலையில் ஏறும், பேண்ட்விட்த் (எந்த அதிர்வெண் வரை ஒழுங்காகக் காட்டும் என்ற அளவு) 6 முதல் 10 மெகாஹெர்ட்ஸுக்குள் சுருங்கிவிடும். புரோபின் மேல் 200 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பது 10எக்ஸுக்கு மட்டும். பவர் சப்ளையின் சில மில்லிவோல்ட் ரிப்பிளைப் பார்க்க 1எக்ஸ் உதவும், ஏனென்றால் 10எக்ஸில் ஸ்கோப்பின் சொந்த இரைச்சலும் பத்து மடங்காகத் தெரியும். ஆனால் அந்த சுவிட்ச் விரல் பட்டு எப்போது நகர்ந்தது என்றே தெரியாது. கூர்மையான சதுர அலை திடீரென்று மழுங்கிப்போனால் சர்க்யூட்டைச் சந்தேகிக்கும் முன் அதைப் பாருங்கள். என்னைக் கேட்டால் 10எக்ஸ் மட்டுமே உள்ள, சுவிட்சே இல்லாத புரோப்தான் நல்லது. ஸ்கோப்பில் மாட்டும் பிஎன்சி கனெக்டரில் ஒரு சின்ன பின் நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, அதைப் பார்த்து ஸ்கோப்பே பத்தால் பெருக்கிக்கொள்ளும்.

கையில் மல்டிமீட்டர் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். புரோபை 1எக்ஸில் வைத்து, முனைக்கும் பிஎன்சியின் நடு பின்னுக்கும் இடையே ஓம் அளங்கள். கேபிள்தானே, பூஜ்யம் காட்டும் என்று எதிர்பார்ப்போம், காட்டுவதோ சில நூறு ஓம். கேபிள் பழுதில்லை. நடுக் கம்பியையே வேண்டுமென்று ரெசிஸ்டன்ஸ் உள்ள மெல்லிய கம்பியாகப் போட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் இரண்டு முனையிலும் பொருத்தம் இல்லாத கேபிளில் சிக்னல் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். 1950-களில் டெக்ட்ரானிக்ஸ் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி இது, இன்றைக்கு நம் கையில் இருக்கும் சாதாரண புரோப்பிலும் அதுதான் ஓடுகிறது. அறுந்த புரோப் கேபிளை சாதாரண கோஆக்ஸ் வைத்து மாற்றினால் ஏன் சரியாக வேலை செய்யாது என்பதற்கும் காரணம் அதுவே.

காம்பன்சேஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்கோப்பின் முன்பக்கம் வரும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் புரோபை மாட்டி, மேல் பகுதி தட்டையாக வரும்வரை புரோபில் இருக்கும் டிரிம்மர் என்ற சின்னத் திருகைத் திருப்புவோமே, அது. மூலை மழுங்கியிருந்தால் குறைவு, கொம்பு முளைத்திருந்தால் அதிகம். பலர் இதை மூலையின் அழகுக்காகச் செய்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் டிரிம்மர் தவறாக இருந்தால் சில கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நீங்கள் படிக்கும் வோல்டேஜ் எல்லாமே தவறு. ஒவ்வொரு சேனலின் உள்ளீட்டு கெப்பாசிட்டன்ஸும் கொஞ்சம் வேறுபடும் என்பதால், புரோபை வேறு சேனலுக்கு மாற்றினால் மறுபடி பார்த்துவிடுங்கள். வாங்கும்போதும் இது முக்கியம்: புரோபின் காம்பன்சேஷன் வரம்பு 10 முதல் 25 பிக்கோஃபாரட் என்று இருந்து, உங்கள் ஸ்கோப்பின் உள்ளீடு 30 பிக்கோஃபாரட் என்றால், டிரிம்மரை எந்தப் பக்கம் திருப்பினாலும் தட்டையாக வராது.

இப்போது மறுபடி கிரவுண்ட் கம்பி. ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். 15 சென்டிமீட்டர் கிளிப் என்றால் 150 நானோஹென்றி. முனையின் 10 பிக்கோஃபாரட்டோடு சேர்ந்து அது அதிரும் இடம் 130 மெகாஹெர்ட்ஸ், என் இரண்டு நாளைத் தின்ற அதே எண். கம்பியை 1 சென்டிமீட்டராகக் குறைத்தால் அதிரும் இடம் 500 மெகாஹெர்ட்ஸுக்குப் போய்விடும், 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் அது தொந்தரவே இல்லை. அதனால் வாங்கும் புரோபின் பையில் ஸ்பிரிங் மாதிரியான குட்டி கிரவுண்ட் முனை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் கம்பியைச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் கை வலிக்கும். நீளக் கம்பி இன்னொன்றும் செய்யும், பக்கத்தில் இருக்கும் இண்டக்டரின் காந்தப்புலத்தை ஆண்டெனா போல வாங்கிக்கொள்ளும். அதைப் பிடிக்க, கிளிப்பை மாட்டியிருக்கும் அதே கிரவுண்டில் முனையையும் வையுங்கள். நேர்கோடு வர வேண்டும். அங்கேயும் அலை தெரிந்தால், அது போர்டின் அந்தப் புள்ளியில் இல்லை, உங்கள் கம்பி வளையத்தில் இருக்கிறது.

பேண்ட்விட்த் எவ்வளவு வேண்டும் என்றால், கிளாக் வேகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். 0.35-ஐ எழும் நேரத்தால் வகுத்தால் பேண்ட்விட்த் வரும். 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்பிஐ பஸ்ஸிலும் (சிப்புகள் டேட்டா பரிமாறிக்கொள்ளும் கம்பிகள்) விளிம்பு 2 நானோசெகண்டில் எழலாம், அது 175 மெகாஹெர்ட்ஸ் விஷயம். ஸ்கோப்பும் புரோபும் தனித்தனியாக 100 என்றால் சேர்ந்து 70 பக்கம்தான் வரும், ஆகவே ஸ்கோப்பைவிட அதிக பேண்ட்விட்த் உள்ள புரோப் வாங்குவது வீண் செலவு இல்லை.

மின்சார லைன் பக்கம் வேலை என்றால், மேலே சொன்ன எல்லாவற்றையும் விட இது முக்கியம். பாசிவ் புரோபின் கிரவுண்ட் கிளிப் ஸ்கோப்பின் உடல் வழியாக நேராக எர்த்துக்குப் போகிறது. ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் (ஸ்விட்ச்சிங் பவர் சப்ளையின்) பிரைமரி பக்கத்தில், அதாவது லைன் பக்கத்தில், பெரிய கெப்பாசிட்டரின் நெகட்டிவ் காலைக் கிரவுண்ட் என்று நினைத்து கிளிப்பை மாட்டினால், பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வழியாக லைனை நேராக எர்த்தோடு சேர்த்துவிடுகிறீர்கள். பெரிய சத்தம், பிரிட்ஜ் போகும், புரோப் போகும், சில நேரம் ஸ்கோப்பும். இதற்காக ஸ்கோப்பின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டு அளக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், கிளிப் தொடும் வோல்டேஜ் முழுவதும் ஸ்கோப்பின் உடலில் வந்து நிற்கும், அதைத் தொடப்போவது உங்கள் கை. இந்த வேலைக்கு, எர்த்தோடு கட்டாமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் காட்டும் ஹை வோல்டேஜ் டிஃபரன்ஷியல் புரோப்தான் வேண்டும். 100எக்ஸ் பாசிவ் புரோப் கிலோவோல்ட் தாங்கும், முனையின் கெப்பாசிட்டன்ஸும் குறைவு, ஆனால் அதன் கிளிப்பும் எர்த்தில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. இன்னொன்று, புரோபின் மேல் எழுதிய வோல்டேஜ் குறைந்த அதிர்வெண்ணுக்குத்தான், மெகாஹெர்ட்ஸ் ஏற ஏற அது இறங்கும். டேட்டாஷீட்டில் அதற்கென்று ஒரு வரைபடம் இருக்கும்.

டிஃபரன்ஷியல் புரோபிலும் ஒரு பிடி உண்டு. இரண்டு உள்ளீட்டுக்கும் பொதுவான சிக்னலை ஒதுக்கும் திறன் 50 ஹெர்ட்ஸில் பிரமாதமாக இருக்கும், மெகாஹெர்ட்ஸில் வேகமாகச் சரியும். வேகமாகத் தாவும் ஸ்விட்ச் நோடில் இரண்டு முனைகளையும் ஒரே புள்ளியில் மாட்டிப் பாருங்கள், திரையில் தெரிவது முழுவதும் புரோபின் பிழை. மேல் பக்க மாஸ்ஃபெட்டின் கேட் அலையை அளக்கும் முன் இதைச் செய்யாமல் நான் எந்த அளவையும் நம்புவதில்லை.

கடைசியாக எனக்கு மிகப் பிடித்த புரோப், இதை நாமே செய்துகொள்ளலாம். 50 ஓம் கோஆக்ஸ் ஒரு துண்டு, நுனியின் நடுக் கம்பியில் ஒரு சின்ன எஸ்எம்டி ரெசிஸ்டர், மறுமுனை ஸ்கோப்பின் 50 ஓம் உள்ளீட்டில். ஸ்கோப்பில் 50 ஓம் தேர்வு இல்லையென்றால் பிஎன்சியில் மாட்டும் 50 ஓம் டெர்மினேட்டர் போதும். 450 ஓம் போட்டால் சரியாக 10எக்ஸ். கையில் கிடைப்பது 470 என்றால் 10.4, அதை ஸ்கோப்பில் எண்ணாகவே கொடுத்துவிடலாம். 1 கிலோஓம் என்றால் 21. முனையில் கெப்பாசிட்டன்ஸ் மிக மிகக் குறைவு என்பதால், வேகமான லாஜிக் விளிம்புகளைச் சாதாரண 10எக்ஸ் புரோபைவிடப் பல மடங்கு உண்மையாகக் காட்டும். டிசி லோட் மட்டும் கவனிக்க வேண்டும்: 3.3 வோல்ட் லாஜிக்கில் 1 கிலோஓம் போட்டால் 3 மில்லிஆம்பியர் இழுக்கும், பெரும்பாலான அவுட்புட்டுகள் தாங்கும். ஐ2சி பஸ் போல, சப்ளைக்கு இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டரில் தொங்கும் கம்பிகளில் வைத்தால் பஸ்ஸே படுத்துவிடும், அங்கே பழைய 10எக்ஸ்தான்.

முனையிலேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள ஆக்டிவ் புரோப் 1 பிக்கோஃபாரட் அளவில்தான் ஏற்றும், வேகத்திலும் மென்மையிலும் அதற்கு நிகரில்லை. விலை அதிகம், நிலைமின்னுக்குச் சட்டென்று போய்விடும், தேவை வந்த பிறகு யோசித்தால் போதும். கரண்ட் புரோபும் அப்படியே.

இப்போதுதான் ஆரம்பிப்பவர் என்றால் ஸ்பிரிங் கிரவுண்டோடு வரும் நல்ல 10எக்ஸ் புரோப் இரண்டும், ஒரு கோஆக்ஸ் துண்டும் போதும். லைன் பக்கம் கை வைக்கும் நாளில் டிஃபரன்ஷியல் புரோப் வாங்குங்கள், அதுவரை அந்தப் பக்கம் போகாதீர்கள். பழைய புரோப் ஒன்று திடீரென்று எங்கே தொட்டாலும் 50 ஹெர்ட்ஸ் அலையைக் காட்ட ஆரம்பித்தால், கிரவுண்ட் கம்பியை மல்டிமீட்டரில் வைத்து வளைத்து வளைத்துப் பாருங்கள். கிளிப்புக்குள் நுழையும் இடத்தில் ரப்பருக்கு உள்ளே அறுந்திருக்கும், வெளியே பார்த்தால் முழுசாகத்தான் தெரியும்.