தராசில் வைத்த சோறு

எங்கள் வீட்டு அடுக்களையில் மிக்சிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய டிஜிட்டல் தராசு இருக்கிறது. அதை வாங்கி வந்த அன்று, மதியச் சோற்றை வழக்கம்போல வட்டிலில் போட்டு, குழம்பு ஊற்றுவதற்கு முன் தராசில் வைத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை, "சோத்தப் போயித் தராசுல வைக்கியே, இது என்ன பவுனா?" என்று கேட்டார்கள். வட்டிலின் எடையைக் கழித்த பிறகு தராசு காட்டிய எண் 420. அதற்குப் பத்து நாள் முன்புதான், நான் குறைவாகச் சாப்பிடுகிறவள் என்று என் சர்க்கரை நோய்க்குப் பார்க்கும் டாக்டரிடம் உறுதியாகச் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை, என் கண்ணுக்கு அது குறைவாகத்தான் தெரிந்தது.

வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. அப்படியென்றால் அந்த வட்டிலில் மட்டும் 118 கிராம். காலையில் ஐந்து இட்லி, இட்லி ஒன்றுக்கு 12 கிராம் வீதம் 60. இரவு நான்கு தோசை, மாலையில் ஒரு வாழைப்பழமும் கையளவு முறுக்கும் என்று எல்லாவற்றையும் கூட்டியபோது ஒரு நாளைக்கு 320 கிராமைத் தொட்டது. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி என்பதால், நான் உண்ட மொத்தக் கலோரியில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்திலிருந்தே வந்திருக்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி எனக்கு 9.1 என்று வந்ததில், அதாவது இரத்தத்தில் சர்க்கரை சராசரியாக டெசிலிட்டருக்கு 214 மில்லிகிராம் அளவில் நின்றதில், வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று அன்றுதான் புரிந்தது. இத்தனைக்கும் காப்பியில் சீனி போடுவதை நிறுத்தி ஓராண்டு ஆகியிருந்தது.

சீனியை நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக்கு மாறியிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடன்குடிக் கருப்பட்டி என்றால் நம் ஊரில் மருந்துக்குச் சமம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. மணத்திலும் சுவையிலும் அதற்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான், உடம்பு இரண்டையும் வேறாகப் பார்ப்பதில்லை. இதே மயக்கம் சப்பாத்தியிலும் உண்டு. சர்க்கரை வந்துவிட்டது என்றவுடன் இரவில் சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்குப் போகாத வீடு எங்கள் தெருவில் இல்லை. ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் கோதுமை மாவு என்று வைத்தாலும், நான்கு சப்பாத்தியில் சுமார் 85 கிராம் மாவுச்சத்து சேர்ந்துவிடுகிறது. அது 300 கிராம் சோற்றுக்குச் சமம். கேழ்வரகுக் களியும் அப்படியே. கோதுமையிலும் கேழ்வரகிலும் நார் கூடுதல் என்பது உண்மை, அதனால் சர்க்கரை சற்று மெதுவாக ஏறக்கூடும். ஆனால் அளவைக் கேட்காமல் தானியத்தை மட்டும் மாற்றிக்கொண்டு மனநிறைவு அடைவதில் பயனில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய இண்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வின் அடிப்படையில் 2022இல் வெளியான கணக்கீடும், புதிதாக நோய் கண்டவர்கள் அதிலிருந்து மீள, மாவுச்சத்தின் பங்கை 49 முதல் 54 சதவீதத்துக்குள் இறக்கி, புரதத்தை 20 சதவீதத்தை ஒட்டி உயர்த்த வேண்டும் என்றே சொல்கிறது.

சோற்றை அடியோடு விடுவது என்னால் ஆகாது. தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த அம்பை 16 அரிசியைத் தின்று வளர்ந்த உடம்பு இது. ஆகவே 420 கிராமை 150 ஆக்கினேன். எஞ்சிய இடத்தை நிரப்புவதுதான் உண்மையான வேலையாக இருந்தது. அதற்கு எனக்குக் கைகொடுத்தது உளுந்தஞ்சோறு. எங்கள் வீட்டில் இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தொலி உளுந்து போடுவதுதான் வழக்கம். நான் அதைத் தலைகீழாக மாற்றி, உளுந்தை இரண்டு பங்காக்கினேன். உளுந்திலும் மாவுச்சத்து இருக்கிறதுதான், ஆனால் புரதமும் நாரும் தாராளமாக இருப்பதால் கொஞ்சம் உண்டாலே வயிறு நிறைகிறது. எள்ளுத் துவையலும் ஒரு முட்டையும் சேர்த்து உண்ட அன்று, இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரை அளக்கும் மீட்டர் 156 காட்டியது. பழைய அளவில் சோறு உண்ட நாள்களில் அதே நேரத்தில் 260க்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. மற்ற நாள்களில் அவரைக்காயோ சுரைக்காயோ ஒரு கிண்ணம், கூடவே சாளை மீன் என்று முதலில் உண்டுவிட்டு, சோற்றைக் கடைசியில் தொடுகிறேன். அதே உணவை இந்த வரிசையில் உண்டாலே ஏற்றம் குறைகிறது. பழைய சோற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். கும்பா நிறைய உண்பதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

சோற்றைக் குறைத்த முதல் மாதத்தில் நான் செய்த பிழை ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அப்போது கிளிமிபிரைடு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். உணவில் மாவுச்சத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை அது. சோற்றைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கியதை டாக்டரிடம் சொல்லாமல் பழைய அளவிலேயே மாத்திரையைப் போட்டுவந்தேன். ஒரு மாலை, சென்னைக்குப் போகும் மதினியிடம் கொடுப்பதற்காக வாங்கிய அரைக் கிலோ அல்வாவுடன் சந்திப்புப் பேருந்து நிலையத்தில் நின்றபோது, கை நடுங்கி, முதுகெல்லாம் வியர்த்து, எதிரே நின்ற பேருந்தின் பலகை மங்கலாகத் தெரிந்தது. பையில் இருந்த மீட்டரில் பார்த்தால் 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு என்று கணக்கு. கையில் இருந்ததோ திருநெல்வேலி அல்வா. பொட்டலத்தைப் பிரித்து இரண்டு வாய் தின்றேன். பத்து நிமிடம் ஆகியும் நடுக்கம் நிற்கவில்லை. அல்வாவில் இருக்கும் நெய் வயிற்றில் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், அதில் உள்ள சீனி இரத்தத்தில் விரைவாக ஏறாது என்பதை டாக்டர் பிறகுதான் விளக்கினார். அன்று என்னைக் காப்பாற்றியது, பக்கத்துக் கடைக்காரர் தண்ணீரில் மூன்று கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்த தம்ளர். மறுநாளே மாத்திரையின் அளவு பாதியாக்கப்பட்டது. மதினிக்கு இரண்டு வாய் குறைந்த அல்வாதான் போய்ச் சேர்ந்தது.

மீட்டரை நம்புவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். ஒருமுறை மாம்பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்திப் பார்த்து, 311 என்ற எண்ணைக் கண்டு அலறினேன். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு 148.

விருந்துகளில்தான் இன்னும் தடுமாறுகிறேன். மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதியும் இஞ்சித் துவையலும் பரிமாறும்போது மறுப்பது மரியாதைக் குறைவாகிவிடுகிறது. தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் காயும் சேர்ந்த சொதி சர்க்கரையை அவ்வளவாக ஏற்றுவதில்லை, அதில் மிதக்கும் உருளைக்கிழங்கும் அதைக் கொண்டு உள்ளே போகும் சோறுமே ஏற்றுகின்றன. ஆகவே சொதியைக் கிண்ணத்தில் வாங்கிக் குடித்துவிடுகிறேன். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு ஹெச்பிஏ1சி 6.8 ஆனது. ஆனால் காலை வெறும் வயிற்று அளவு மட்டும் 140க்குக் கீழே இறங்க மறுத்துவந்தது. இரவில் இரண்டே தோசை உண்டாலும் அப்படித்தான். விடியற்காலையில் கல்லீரல் தன் இருப்பிலிருந்து குளுக்கோஸை எடுத்து இரத்தத்தில் விடுகிறதாம். அதற்கு நான் இரவு உண்ணும் தோசையின் எண்ணிக்கை மட்டும் கணக்கில்லை. மெட்ஃபார்மின் மாத்திரையை இரவு உணவோடு போடும்படி டாக்டர் மாற்றியிருக்கிறார். எட்டு நாள் ஆகிறது. இன்று காலை 137.