சட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பம்

1986இல் லண்டனுக்கு வந்த மூன்றாம் கிழமை, ஒரு பெற்றோல் செட்டில் இரவு வேலை கிடைத்தது. முதல் நாளே ஒரு வெள்ளைக்காரர் மீதிக் காசை வாங்கிக்கொண்டு "பிரில்லியண்ட்!" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். ரசீது கொடுத்தாலும் பிரில்லியண்ட், கழிவறைச் சாவி கொடுத்தாலும் பிரில்லியண்ட். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் "இங்க எல்லாரும் என்னைப் பெரிய மூளைசாலி எண்டு சொல்லுறாங்க" என்று ஒரு வரி போட்டுவிட்டேன். அம்மா அதைக் கோயிலடியில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினாவாம். அந்தப் பதில் வந்து சேருவதற்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மழை விட்டாலும் இவர்களுக்குப் பிரில்லியண்ட்தான். திருத்தி எழுத மனம் வரவில்லை.

நம் கணக்கு சேர் அப்படி வாரி இறைக்கிற ஆளில்லை. எவ்வளவு சரியாகச் செய்தாலும் "பாப்பம்" என்பார், அவ்வளவுதான்.

1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பையே புரட்டிப் போட்டபோது எங்கள் வகுப்புக் கூரையும் போய்விட்டது. அதன் பிறகு கனகாலம் ஓலைக் கொட்டிலில்தான் படிப்பு. அங்கேதான் ஒருநாள் பைதகரசுத் தேற்றத்தின் நிறுவலை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தேன். பின்வாங்கில் இருந்த ஒருவன் "கெட்டிக்காரன்டா" என்றது சேரின் காதில் விழுந்துவிட்டது. அவர் கரும்பலகையில் முக்கோணத்தைத் தலைகீழாக வரைந்தார். ஏ, பி, சி இருந்த இடத்தில் எக்ஸ், வை, இசட் போட்டார்.

"மறுகா செய் மனே."

எந்தப் பக்கம் எதுவென்றே எனக்குத் தெரியவில்லை. கையில் வெண்கட்டி வியர்வையில் ஊறிக் கரைந்தது.

மேசைக்குக் கீழே, வீட்டுக்கென்று அவர் வாங்கி வைத்த எருமைத் தயிர்ச் சட்டி இருந்தது. எடுத்தார். வாயில் கட்டியிருந்த கடதாசியை அவிழ்த்தார். என் தலைக்கு நேரே கொண்டுவந்து அப்படியே கவிழ்த்தார். வகுப்பே எழும்பி நின்றது. தயிர் அசையவில்லை. ஓரத்தால் வடிந்த தயிர்த் தண்ணி மட்டும் ஒரு சொட்டு, என் கழுத்துப் பட்டிக்குள் குளிரக் குளிர இறங்கியது.

"இதுதான் கெட்டி. உன்ர நிறுவல் நிமித்தி வைச்சாத்தான் நிக்குது."

பசுப்பாலை விட எருமைப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, மண்சட்டி தண்ணியை உறிஞ்சும், அதுதான் தயிர் இப்படி இறுகுது என்றும் அதோடு சொல்லி முடித்தார். கணக்குப் பாடத்தில் அன்று விஞ்ஞானமும் நடந்தது.

அன்று முதல் யார் விடை சொன்னாலும் "சட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பம்" என்பதே வகுப்பின் பேச்சு. விபுலானந்த அடிகளைப் பற்றிச் சொல்லும்போதும் சேர் அதே அளவுகோலைத்தான் எடுத்தார். 1892இல் காரைதீவில் பிறந்தவர், லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு இருக்கவில்லை. அந்தக் கணிதத்தைக் கொண்டுபோய்ச் சிலப்பதிகார வரிகளில் வைத்துப் பார்த்து, வழக்கொழிந்த யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டு 1947இல் 'யாழ்நூல்' தந்தார். "இஞ்ச கவிழ்த்தும் சிந்தல்ல, அங்க கவிழ்த்தும் சிந்தல்ல" என்பார் சேர். மேடைகளில் கேட்ட எத்தனையோ புகழுரைகள் மறந்துபோயின, இது மட்டும் நிற்கிறது.

பிரில்லியண்ட் என்பதற்கு மினுங்குவது என்றுதான் பொருளாம், பிரெஞ்சில் இருந்து வந்த சொல். வைரத்தை 58 முகமாகப் பட்டை தீட்டும் முறைக்கும் அதே பெயர். நாங்களோ தயிரையும் ஆளையும் ஒரே சொல்லால் புகழ்கிற ஊர். (அதிலும் "அவர் பெரிய கெட்டிக்காரர்" என்று இழுத்துச் சொன்னால் கதை வேறு. காணி எழுதும்போது கவனம் என்று அர்த்தம்.)

போன மாதம் இந்தக் கதையை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்பவில்லை. சரி, காட்டுகிறேன் என்று குளிர்பெட்டியில் இருந்த கடைத் தயிர் டப்பாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கவிழ்த்தேன். கொஞ்சம் யோசித்திருக்கலாம், பசுப்பால், பிளாஸ்டிக் டப்பா. அரைக் கிலோவும் அடுப்பு மேல், என் சாரத்தில், நிலத்தில்.

மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பிரில்லியண்ட், அப்பா."