ஓரத்துல எழுதுற பேரு

டெல்லி கரோல் பாக்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல 11 வருஷமா இருக்கேன், அஃபிடவிட் டைப் பண்றது, பத்திரம் ரெடி பண்றதுன்னு. தமிழ் பேசுற பையன் இருக்கான்னு தேடி வர்றவங்கள்ல நிறைய பேருக்கு இனிஷியல் பிரச்சனைதான், நமக்கு ஒத்த எழுத்து, இங்க ஃபார்ம்ல சர்நேம்னு ஒரு கட்டம், அதுல அப்பா பேர போட்டுடுவாங்க, அதுக்கப்புறம் ஒவ்வொரு கார்டுலயும் ஒவ்வொரு மாதிரி வரும்.

ஆனா இங்க டெல்லிலயே முனிர்காலேர்ந்து ஒரு அக்கா வந்தாங்களே, அவங்க விஷயம் வேற. தங்கச்சி பிரசவத்துல போய்ட்டா, பொண்ண பிறந்ததுலேர்ந்து இவங்கதான் வளக்குறாங்க, இப்ப 6 வயசு. இவங்களுக்கு வேற குழந்தை இல்ல. குழந்தையோட அப்பாவ வெச்சே பேப்பர்ல விளம்பரம் குடுத்து, சிவில் லைன்ஸ் ஆபீஸ்ல கெஜட்டுக்கு, அதான் அரசிதழுக்கு, எழுதிப் போட்டு, பேருக்குப் பின்னாடி இவங்க வீட்டுக்காரர் பேர சேத்துட்டாங்க. அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சு பாஸ்போர்ட்டுக்குப் போனா, பர்த் சர்டிபிகேட்ல அம்மா அப்பா வேறயா இருக்கேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

கெஜட் பேர மட்டும்தான் மாத்தும், யாரு அம்மா அப்பாங்கிறத மாத்தாது. அதுக்கு முறையா தத்து எடுக்கணும். சொந்தத்துக்குள்ளன்னா 1956 இந்து தத்துச் சட்டப்படி, பெத்தவங்க கையால குடுத்து இவங்க கையால வாங்கணும், பத்திரத்த ரிஜிஸ்டர் பண்ணிட்டா 16வது பிரிவுப்படி கோர்ட்டு அத செல்லும்னே எடுத்துக்கும், செல்லாதுன்னு சொல்றவங்கதான் நிரூபிக்கணும். (குழந்தைங்க ஹோம்லேர்ந்து எடுக்குற குழந்தைன்னா காரா, அதான் தத்து விஷயத்த பாக்குற மத்திய அரசு அமைப்பு, அது வழி, 2022 செப்டம்பர்லேர்ந்து கலெக்டரே ஆர்டர் போடுறாரு.) அந்தப் பத்திரத்த வெச்சுத்தான் மாநகராட்சில சர்டிபிகேட் மாத்தக் கேக்கணும்.

எல்லாம் சொல்லி முடிச்சதும் அந்த அக்கா பேனாவ கீழ வெச்சுட்டாங்க. "தம்பி, அப்போ என் தங்கச்சி பேர அழிச்சுடுவாங்களா?"

இத்தன வருஷத்துல யாரும் என்கிட்ட இப்படிக் கேட்டதில்ல, எல்லாரும் எப்ப கெடைக்கும் எவ்ளோ ஆகும்னுதான் கேப்பாங்க. எனக்கு சட்டுனு பதில் வரல. அப்புறம் 1969 பிறப்பு இறப்பு பதிவுச் சட்டத்த எடுத்து 15வது பிரிவ தமிழ்ல சொன்னேன், திருத்தம்னா ஓரத்துலதான் எழுதணும், முதல்ல எழுதுன பதிவுல கை வெக்கக் கூடாது, அதனால கைல வர்ற சர்டிபிகேட்ல உங்க பேரு இருக்கும், ரிஜிஸ்டர்ல அவங்க பேரும் இருக்கும்க்கா. ரெண்டு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டாங்க.

பத்திரம் ரிஜிஸ்டர் பண்ண அன்னிக்கு குழந்தையோட அப்பா கையெழுத்து போட்டுட்டு வெளில போய் ரொம்ப நேரம் நின்னாரு, நான் டீ வாங்கிட்டுப் போய் பக்கத்துல நின்னேன், ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

புது சர்டிபிகேட் வர கொஞ்ச மாசம் ஆச்சு. பிறந்த தேதி, ஆஸ்பத்திரி எல்லாம் அதே, அம்மா கட்டத்துல அக்கா பேரு, அப்பா கட்டத்துல அவங்க வீட்டுக்காரர் பேரு. அவங்க அத மடில வெச்சுப் பாத்துட்டே இருந்தாங்க. பழசோட ஜெராக்ஸ் ஒண்ணு முதல்லயே எடுத்து வெச்சிருந்தேன், அதையும் அதே ஃபைல்ல போட்டுக் குடுத்தேன்.