தனியாக வருகிறவரை எங்கே உட்கார வைப்பது?

எங்கள் கிளப்புக்கு இது நல்ல பருவம். மாதாமாதம் சாப்பாட்டுக்குக் கூடினோம், கூட்டமாகப் போய் நாடகம் பார்த்தோம், ஹால் பிடித்து நடன மாலைகள் நடத்தினோம், எதுவும் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போகவில்லை. படங்கள் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டன, அதனால் யார் என்ன உடுத்தியிருந்தார்கள், யார் யாரோடு ஆடினார்கள் என்பதையெல்லாம் மறுபடி எழுதப் போவதில்லை. எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது ஒரே கேள்விதான். ஜோடியாகவோ நண்பர்களோடோ வராமல், தனியாகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறவருக்கு அந்த மாலை எப்படிப் போனது?

கிளப் நன்றாக நடக்கிறதா என்று யாராவது கேட்டால் நான் பார்ப்பது அதைத்தான். ஏற்கெனவே நண்பர்கள் உள்ளவர்களுக்கு கிளப் கூடுதலாக ஓர் இடம், அவ்வளவுதான். அவர்கள் எங்கே கூடினாலும் பேசிச் சிரித்துக்கொள்வார்கள். துணையை இழந்தவர், வேறு ஊரிலிருந்து குடிவந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் போனவர், இவர்களுக்குத்தான் அது நிஜமாகவே வேண்டும். இவர்கள் ஒரு தடவை வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போனால் மறுபடி வர மாட்டார்கள், ஏன் வரவில்லை என்றும் சொல்ல மாட்டார்கள்.

முதலில் சாப்பாடு. மூன்றில் இதுதான் சுலபம் என்று நினைக்கிறோம்: இடத்தைப் பிடி, ஆளைக் கூட்டு, சாப்பிடு, கிளம்பு. ஆனால் தனியாள் தொலைந்துபோவது இங்கேதான் அதிகம். நீள மேஜையில் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தால் பார்க்கக் குடும்ப விருந்து மாதிரி அழகாக இருக்கும், ஆனால் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு ஒரு பக்கம் ஆள் இருக்காது, எதிரே இருப்பவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் அவருக்குத் தட்டுதான் துணை. பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பரும் அவருடைய சகாக்களும் 1990களில் மனிதர்களின் இயல்பான உரையாடல்களைக் கவனித்து எழுதியது இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரே பேச்சில் சேர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நான்கு பேர் வரைதான், அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். ஆக, பன்னிரண்டு பேர் உட்கார்ந்த மேஜையில் ஒரு கூட்டம் இருப்பதாக நாம் நினைக்கிறோம், உண்மையில் மூன்று நான்கு கூட்டங்கள் இருக்கின்றன, எதிலும் சேராத ஒருவரும் இருக்கிறார்.

இதனால் இந்தப் பருவத்தில் வட்ட மேஜைகளுக்கு மாறினோம், ஒரு மேஜைக்கு ஆறு பேர். சாப்பாடு பாதி நடந்ததும் ஒவ்வொரு மேஜையிலிருந்தும் இரண்டு பேர் எழுந்து அடுத்த மேஜைக்குப் போக வேண்டும். ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது, பழைய உறுப்பினர் ஒருவர் "என்னம்மா இது, பள்ளிக்கூடம் மாதிரி" என்று கேட்டேவிட்டார். அவரே இப்போது முதலில் எழுந்து நகர்கிறார். இடம் மாறினால் பேச ஒரு தொடக்கமும் தானாகக் கிடைத்துவிடுகிறது, அந்த மேஜையில் என்ன பேசினீர்கள் என்று கேட்டாலே போதும்.

அப்புறம் சத்தம். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். 1911ல் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒன்றைப் பதிவு செய்தார்: சுற்றிலும் இரைச்சல் இருந்தால் பேசுகிறவர் தன்னை அறியாமலேயே குரலை உயர்த்துகிறார். அவர் பெயராலேயே அதை லொம்பார் விளைவு என்கிறார்கள். உணவகத்தில் என்ன நடக்கிறது? ஒரு மேஜை குரலை உயர்த்த, பக்கத்து மேஜை அதற்கு மேல் உயர்த்த, பின்னணியில் ஓடும் பாட்டைக் கடைக்காரர் கூட்ட, கொஞ்ச நேரத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருக்கிறோம். காது கொஞ்சம் மந்தமானவர்களுக்கு அங்கே எதுவும் பிரிந்து கேட்காது. அவர்கள் தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள், சிரிக்கிற இடத்தில் சிரிப்பார்கள், வீட்டுக்குப் போகும்போது களைத்துப்போயிருப்பார்கள். காது கேட்கும் கருவி அணிந்திருப்பவருக்கும் இரைச்சலில் சிரமம்தான், கருவி பக்கத்து மேஜையின் குரலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. இடம் பார்க்கப் போகிற நண்பர்களிடம் நான் சொல்வது இதுதான்: உணவுப் பட்டியலைப் பார்க்கும் முன் தரையையும் சுவரையும் பாருங்கள். வெறும் டைல்ஸும் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக இருந்தால் வேண்டாம். கம்பளம், திரைச்சீலை, மெத்தை வைத்த நாற்காலி இருக்கும் தனி அறை கிடைத்தால் உடனே பதிவு செய்துவிடலாம். இந்தப் பருவத்தின் கடைசிச் சாப்பாடு அப்படிப்பட்ட அறையில்தான் நடந்தது. எப்போதும் சீக்கிரம் கிளம்பிவிடுகிற அக்கா ஒருவர் அன்று கடைசி ஆளாகப் பேசிக்கொண்டிருந்தார்.

பணத்தை முன்கூட்டியே பொருளாளர் வாங்கிவிடுவதும் நல்ல ஏற்பாடு. சாப்பிட்டு முடித்து யார் எவ்வளவு என்று பிரிக்க ஆரம்பித்தால், குறைவாகச் சாப்பிட்டவரும் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தச் சங்கடத்திலேயே ஆள் குறையும்.

நாடகத்துக்கு வருகிறேன். தனியாளுக்கு நாடகம் சாப்பாட்டைவிட இதமானது, பேச வேண்டிய கட்டாயம் இல்லை. இருட்டில் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், ஒரே இடத்தில் இருவரும் சிரிக்கிறீர்கள், ஒரே இடத்தில் மூச்சைப் பிடிக்கிறீர்கள். முடிந்து வெளியே வரும்போது பேச ஒரு விஷயம் கையில் இருக்கிறது. கூச்சமுள்ள புதியவர்களை முதலில் நாடகத்துக்கு அழையுங்கள், சாப்பாட்டுக்கு அப்புறம் அழைக்கலாம் என்று நான் குழுவில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஆனால் இடைவேளை இருக்கிறதே! பதினைந்து இருபது நிமிடம், பாதிப் பேர் கழிப்பறை வரிசையில், மீதிப் பேர் பானத்துக்கு, தனியாக வந்தவர் நிகழ்ச்சிக் குறிப்பேட்டை மூன்றாவது முறை படித்துக்கொண்டிருப்பார். இப்போது கூடுமிடம் ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறோம், எந்தத் தூண், எந்தப் படிக்கட்டு என்று. செயற்குழுவில் ஒருவர் வேறெங்கும் போகாமல் அங்கேயே நிற்பார். சின்ன விஷயம்தான், ஆனால் இதைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் இடைவேளையில் எங்கள் ஆட்கள் ஒரு வட்டமாக நிற்பதைப் பார்க்கிறேன்.

இருக்கை விஷயத்தில் குழுவுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. என் அபிப்பிராயம்: வசனத்தில் நிற்கிற நாடகம் என்றால் மேடைக்கு அருகில், முகம் தெரிய வேண்டும். பாட்டும் குழு நடனமும் உள்ள இசை நாடகம் என்றால் மாடியின் முன்வரிசை, மேலிருந்து பார்த்தால்தான் நடனக்காரர்கள் மேடையில் போடுகிற கோலம் முழுசாகத் தெரியும். முழங்கால் வலிக்காரர்களுக்கு நடைபாதை ஓர இருக்கை, இதில் மட்டும் விவாதமே வேண்டாம். மாலைக் காட்சியைவிடப் பகல் காட்சிக்குத்தான் எங்களில் அதிகம் பேர் வருகிறார்கள், இருட்டில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டோ பேருந்துக்குக் காத்துக்கொண்டோ திரும்ப வேண்டியதில்லை என்பதுதான் காரணம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாமலே இருக்கிறது: நிறைய அரங்குகளில் காது கேட்கும் கருவி அணிந்தவர்களுக்காகத் தூண்டல் வளையம் பொருத்தியிருக்கிறார்கள். கருவியை 'டி' நிலைக்கு மாற்றினால் மேடையின் ஒலி காந்தப்புலம் வழியாக நேராகக் கருவிக்குள் வந்துவிடும், அரங்கின் இருமலும் சலசலப்பும் நடுவே வராது. எல்லாக் கருவியிலும் அந்த வசதி கிடையாது, அரங்கில் எல்லா இருக்கையிலும் ஒரே அளவு எடுக்கவும் எடுக்காது, அதனால் டிக்கெட் எடுக்கும்போதே கேட்க வேண்டும். எங்கள் கிளப்பில் ஒரு ஐயா பல வருடமாக நாடகத்துக்கு வந்து பாதி வசனத்தை ஊகித்தே பார்த்திருக்கிறார். இந்தத் தடவை வளையம் எடுக்கும் இருக்கையில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் கேட்டார். வெளியே வந்து அவர் பேசிய பேச்சு இருக்கிறதே, நாடகத்தைவிட நீளம், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இனி நடனம். நடன மாலைகளை நிறுத்திவிடலாம் என்று ஒரு பேச்சு கிளப்பில் எழுந்தது. ஹால், இசைக் கருவிகள், தரை என்று ஏற்பாடு அதிகம், வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு வருவதைவிடக் குறைவு, இதுதான் அவர்கள் வாதம். நான் எதிர்த்தேன், இன்னும் எதிர்ப்பேன். ஒரு வருடம் சேர்ந்து சாப்பிட்டும் பெயர் மட்டுமே தெரிந்த இரண்டு பேர், ஒரு மாலை சேர்ந்து ஆடினால் நெருங்கிவிடுகிறார்கள். இதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆய்வும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2015ல் வெளியான ஓர் ஆய்வில் பிரேசிலின் பள்ளி மாணவர்களைச் சிறு குழுக்களாக ஆடவைத்தார்கள். எல்லோரும் ஒரே அசைவை ஒரே நேரத்தில் செய்தபோது அவர்களுக்கு வலி தாங்கும் அளவும் கூடியது, கூட ஆடியவர்கள் மேல் ஒட்டுதலும் கூடியது. உடல் களைப்பதால் மட்டும் வந்த மாற்றம் இல்லை, சேர்ந்து ஒரே தாளத்தில் அசைவதற்கே தனியாக ஒரு பலன் இருந்தது.

வயதானவர்களுக்கு இன்னொரு செய்தி. நியூயார்க்கில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003ல் வெளியானது. உடலுழைப்புள்ள பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதிநோய் வரும் வாய்ப்பு குறைவாக இருப்பதோடு சேர்ந்து காணப்பட்டது. ஆடினால் மறதி வராது என்று இதற்குப் பொருள் இல்லை, நினைவு நன்றாக இருப்பவர்கள்தான் ஆடவும் போகிறார்கள் என்றும் இருக்கலாம். ஆனாலும் யோசித்துப் பாருங்கள், அடுத்த ஸ்டெப்பை ஞாபகம் வைக்க வேண்டும், இசையைக் கேட்க வேண்டும், எதிரே இருப்பவர் கால் எங்கே போகிறது என்று உணர வேண்டும், யார் மேலும் மோதாமல் நகர வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில்.

சரி, தனியாக வந்தவர் யாரோடு ஆடுவார்? இதற்கு சமூக நடனத்தில் பழைய வழிகள் இருக்கின்றன, நாங்கள் அவற்றைத் தூசி தட்டி எடுத்தோம். பால் ஜோன்ஸ் என்று ஒன்று: உள்ளே ஒரு வட்டம், வெளியே ஒரு வட்டம், இசைக்கு ஏற்ப இரண்டும் எதிரெதிர் திசையில் சுற்றும், இசை நின்றதும் எதிரே யார் நிற்கிறாரோ அவரோடு ஆட வேண்டும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வட்டம். "என்னோடு ஆடுவீர்களா" என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, மறுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கித்தானே பாதிப் பேர் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார்கள்! மாலையின் தொடக்கத்திலேயே இதை வைத்துவிட்டால் அப்புறம் ஒருவரை ஒருவர் அழைப்பதும் சுலபமாகிவிடுகிறது.

எல்லோரும் வரிசையாக நின்று ஆடுகிற லைன் டான்ஸுக்கு ஜோடியே வேண்டாம். பெரும்பாலும் 32 எண்ணிக்கையில் ஒரு சுற்று முடிந்து, திரும்பி அடுத்த சுவரைப் பார்த்து அதே ஸ்டெப்புகள். பின்வரிசையில் நின்று முன்னால் இருப்பவரைப் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம், ஆனால் திரும்பும்போது பின்வரிசை முன்வரிசையாகிவிடும், அதனால் புதியவர்களை நடுவில் நிறுத்துங்கள்.

எங்களிடம் பெண்கள் அதிகம், ஆண்கள் குறைவு, இதுவும் பல கிளப்களின் கதைதான். ஆண் வரும்வரை காத்திருக்கச் சொல்வதை விட்டுவிட்டு, விருப்பமுள்ள பெண்களுக்கு, வழக்கமாக ஆண் ஆடுகிற, ஜோடியை வழிநடத்தும் பக்கத்தின் ஸ்டெப்புகளைக் கற்றுக்கொடுத்தோம். இந்தப் பருவத்தில் நடந்தவற்றில் சிறந்த முடிவு இதுதான் என்பேன். ஜோடியாகச் சுழன்று ஆடுகிற வால்ட்ஸில் தொடங்கினோம், மூன்று எண்ணிக்கை, மெதுவான வால்ட்ஸ் நிமிடத்துக்கு 84 முதல் 90 தாளம்தான் ஓடும், யோசிக்க நேரம் இருக்கும். வியன்னா வால்ட்ஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம், அதை ஆசைப்பட்டு முதல் நாளே தொட வேண்டாம். கூட்டம் சூடு பிடித்ததும் சா-சா-சா. 1950களின் தொடக்கத்தில் கியூபாவின் வயலின் கலைஞர் என்ரிக்கே ஹொரின் உருவாக்கிய இசை அது, கால்கள் தரையில் உரசுகிற ஒலியிலிருந்தே பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கற்பதற்குக் கொஞ்சம் கடினம், ஆனால் அடுத்தடுத்து வேகமாக வைக்கிற அந்த மூன்று சின்ன ஸ்டெப்பும் சரியாக விழுந்தால் வருகிற முகமலர்ச்சியே தனி.

செருப்பு விஷயம் தயவுசெய்து கேளுங்கள். ரப்பர் அடிப்பாகம் தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முழங்கால்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். தோல் அடிப்பாகம் நல்லது, கழன்று போகாதபடி பின்பக்கம் பட்டை இருக்க வேண்டும். ஜோடிகள் தரையைச் சுற்றி வருவது எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், இது எல்லா ஹாலுக்கும் பொது. நின்று பேச வேண்டுமானால் தரையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

வேலை செய்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வளவும் ஐந்தாறு பேர் தோளில் நடக்கிறது. அவர்கள் சோர்ந்து விலகினால் கிளப் ஒரு வருடத்தில் படுத்துவிடும். டிக்கெட் வாங்குவதை ஒருவர், இடம் பார்ப்பதை ஒருவர், இரண்டு கூட்டத்துக்கு வராதவர்களுக்குத் தொலைபேசியில் பேசுவதை ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை. கடைசியாகச் சொன்ன வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், உங்களில் இன்னும் ஒருவர் சேர்ந்தால் நன்றாக இருக்கும்.

அடுத்த சாப்பாடு மதிய வேளையில், அதே அமைதியான அறையில், மேஜை மாற்றம் உண்டு. நாடகம் பகல் காட்சி, வளையம் வேண்டுபவர்கள் பெயர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். நடன மாலைக்கு அரை மணி நேரம் முன்னதாகவே புதியவர்களுக்குப் பாடம் தொடங்கும், முதல் நடனம் பால் ஜோன்ஸ். தனியாக வருவதாக இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள், வாசலில் உங்களைப் பார்த்து உள்ளே அழைத்துப்போக ஒருவர் இருப்பார்.