ஒரே கொழுந்து, இரண்டு கணக்கு

கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியபோது, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை ஒரு வரியில் தாண்டிப்போக எனக்கு மனம் வந்ததில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டது. இலங்கைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, அடுத்த ஆண்டே வாக்குரிமையும் இழந்த சனங்கள். அவர்களிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். ஒரு மாணவி தன் அப்பாயியின் பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தாள். குடும்பத்துக்கே ஒரு புத்தகம், ஒரு படம். கைக்குழந்தையின் முகம் மட்டும் அசைந்து கலங்கியிருந்தது. "அதுதான் டீச்சர் எங்க அப்பா" என்றாள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தவர் அந்த அப்பாயி. இங்கேயும் கொழுந்துக் கூடையைத்தான் முதுகில் மாட்டினார்.

அதே பெஞ்சில், நீலகிரியின் படகர் சமூகத்து வீட்டுப் பையன் ஒருவன். அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலை விலை இறங்கினால் அவன் வீட்டில் அன்றைக்குப் பேச்சே வேறு. அவள் வீட்டிலோ விலை ஏறினாலும் இறங்கினாலும், பறித்த கிலோவுக்கு என்ன கூலி என்பதுதான் பேச்சு. இருவருமே ஏழைகள்தான். ஆனால் ஒருவனுக்குக் காலடியில் சொந்த மண் உண்டு. இன்னொருத்திக்குத் தோட்ட வேலை இருக்கும்வரைதான் வீடு. வர்க்கம் என்பதை எந்த வரையறையையும்விட இது நன்றாக விளக்கியது.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யையும் வகுப்பில் வாசித்தோம். நெல்லைச் சீமைக் கிராமத்திலிருந்து மருதி இலங்கைத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும் கதை. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்த்த கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் கட்டியது, கடன் தீராமல் தோட்டம் மாற முடியாதபடி கட்டிப்போட்ட துண்டு முறை, அது 1921இல் ஒழிக்கப்பட்டது எல்லாம் சொன்னேன். சாதியும் கூடவே கப்பலேறி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைப் பிரித்ததைச் சொன்னபோது வகுப்பு சட்டென்று அமைதியானது. இந்தப் பகுதியை அவசரமாக முடிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

"அப்பா ரிட்டயரானா வீட்டைக் காலி பண்ணணும் டீச்சர். ஒப்பந்தம் போட்டவங்க அதை யோசிச்சாங்களா?" என்று அந்த மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். மறுநாள் பாடத்தை அங்கிருந்தே தொடங்கினோம்.