கேள்விக்குறிக்கு இடமில்லை

இளைய சக ஊழியர் ஒருவர் லினக்ஸ் கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) எழுதிய பேட்சை, அதாவது நிரல் திருத்தத்தை, நான் ஏற்க மறுத்தது சரிதானா என்ற கேள்வி என்னை இன்னும் விட்டபாடில்லை. ஆர்ம்64 என்ற ப்ராசசர் வகைக்கான கர்னலில் ஒரு ஃபங்ஷன் தொடங்கிய கணத்திலேயே இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) வந்தால், அழைத்த ஃபங்ஷனின் ஸ்டாக் இடத்தையும் திரும்பிச் செல்லவேண்டிய முகவரியையும் வைத்திருக்கும் எக்ஸ்29, எக்ஸ்30 ரெஜிஸ்டர்கள் இன்னும் ஸ்டாக்கில் (நினைவகத்தில்) எழுதப்பட்டிருக்காது. அப்போது பதிவாகும் டிரேஸில், அதாவது எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்ற பட்டியலில், அந்த ஃபங்ஷனை நேரடியாக அழைத்தது எதுவோ அது மட்டும் விடுபட்டு, அதற்கு மேலே உள்ளவை ஒழுங்காக வந்துவிடும். விடுபட்டது தெரியாமல் படிப்பவர், தொடர்பே இல்லாத ஃபங்ஷனைச் சந்தேகிப்பார்.

இன்டரப்ட் எல்லையில் எக்ஸ்30-ஐயும் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்பதே அந்த இளைய சக ஊழியர் எழுதிய திருத்தம். ஆனால் அந்த ஃபங்ஷன் வேறொன்றை அழைத்துத் திரும்பியிருந்தால், எக்ஸ்30-இல் கிடப்பது அதே ஃபங்ஷனுக்குள் இருக்கும் பழைய முகவரி. இரண்டில் எது என்று அந்த இடத்தில் கர்னலால் கண்டுபிடிக்க முடியாது.

"எக்ஸ்86-இல் சந்தேகமான முகவரிக்கு முன்னால் கேள்விக்குறி போடுகிறார்களே, சார்?" என்று கேட்டார். எக்ஸ்86 என்பது இன்னொரு ப்ராசசர் வகை.

"அது திரையில் அச்சிடும்போது. நாம் பதிவதோ வெறும் முகவரிகளின் வரிசை. கேள்விக்குறியை எங்கே வைப்பீர்கள்?" என்றேன்.

பதிலில் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு முகவரியோடும் அது நம்பத்தக்கதா என்று சொல்லும் அளபுரு (பாராமீட்டர்) ஒன்று முன்பு இருந்ததையும், எந்த ஆர்கிடெக்சரும் (ப்ராசசர் வகையும்) அதை நிரப்பாமலும் பெறும் பக்கம் அதைப் பொருட்படுத்தாமலும் இருந்ததால் 2020-இல் அது நீக்கப்பட்டதையும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், மீண்டும் கொண்டுவரலாமே என்று கேட்டிருப்பார். ஒரு சிறு திருத்தம் எல்லா ஆர்கிடெக்சரையும் தொடும் வேலையாக வளர்ந்திருக்கும்.

ஓடும் கர்னலிலேயே ஃபங்ஷனை மாற்றும் லைவ்பேட்ச் வசதிக்கு ஐயமான டிரேஸ் உதவாது. பிழை என்று திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு முயல்வதே முறை. அந்தக் கண்டிப்பைத்தான் இங்கும் காட்டினேன் போலும். ஆனால் எங்கள் டிரேஸைப் படிப்பவர் மனிதர். தவறான வரியைத் தள்ளிவிட அவருக்குத் தெரியும். கர்னல் உறைந்துபோகும்போது வரும் லாக்கப் அறிக்கையில் ரெஜிஸ்டர்களோடு எக்ஸ்30-உம் தனியே அச்சாகிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. சேமித்து வைத்துப் பின்னர் எடுக்கும் டிரேஸ்களுடன் அந்த ரெஜிஸ்டர்கள் வருவதில்லை என்பதும் தெரியும்.

அவர் அந்தத் திருத்தத்தைத் தமது கிளையில் (நிரலின் தனிப் பிரதியில்) வைத்தே வேலை செய்கிறார். அண்மையில் ஒரு லாக் (பூட்டு) சிக்கலுக்காக அதிலிருந்து எடுத்த டிரேஸைக் காட்டினார். வழக்கமாக விடுபடும் வரி அதில் இருந்தது, சரியாகவும் இருந்தது. மறுப்பை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை.