கீமோ முடிந்தது, அடுத்தது ரேடியேஷன்

மார்ச் 4

எல்லாரும் "அப்பாடா, முடிஞ்சுதா!" என்கிறார்கள். முடிந்தது கீமோ மட்டும். மார்பக அறுவை சிகிச்சை அதற்கு முன்பே ஆகிவிட்டது. இனி ரேடியேஷன். இரத்த அணுக்கள் தேறி வரச் சில வாரம் விட்டுத்தான் தொடங்குவார்களாம். விரல் நுனி இன்னும் மரத்தேதான் கிடக்கிறது, சட்டைப் பொத்தான் போட அரை யுகம் ஆகிறது.

தேதி கேட்டால், டாக்டர் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். இடது கை காதுவரைகூட வரவில்லை. "இது மேலே போகாம மெஷின்ல படுக்க முடியாதும்மா" என்றார்.

மார்ச் 7

சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் நடந்து நடந்து கையை மேலே ஏற்ற வேண்டும். அறுவை சிகிச்சையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பிறகு சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கைப் பக்கம் நரம்பு போல ஒன்று இறுகிவிடும். எனக்கும் அதுதான், சுண்டி இழுக்கிறது. வலித்தாலும் இது பிடித்திருக்கிறது. கீமோவில் ஊசியைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு வேலையே இல்லை.

மார்ச் 13

இன்று சிமுலேஷன், அதாவது ரேடியேஷனுக்கு முன் ஒத்திகை. சரிவான கெட்டிப் பலகையில் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேலே தாங்கிகளில் பொருத்தினார்கள். கை மேலே போய்விட்டது! உடம்பின் மேல் லேசர் கோடுகள் விழ, டெக்னீஷியன்கள் என்னைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று நகர்த்தினார்கள். உதவுகிறேன் என்று நானாக அசைந்தால் திட்டு.

அப்புறம் மூச்சுப் பயிற்சி. இடது மார்பு என்பதால் ஆழமாக மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரை விட்டுக் கொஞ்சம் விலகுமாம், அதன்மேல் படும் கதிர் குறையும். பிடித்த மூச்சோடே சி.டி. ஸ்கேன். கடைசியில் ஊசி முனையால் கறுப்புப் புள்ளிகள் பச்சை குத்தினார்கள். ஒவ்வொரு நாளும் இதே மாதிரி படுக்க வைக்க அவைதான் அடையாளம்.

வெளியே வந்ததும் இவர், "ரிப்போர்ட் எப்போ வரும்?" என்றார். ரிப்போர்ட்டே கிடையாது. இது நோயைத் தேடும் ஸ்கேன் இல்லை, கதிரை எங்கே, எந்தக் கோணத்தில் விடுவது என்று கணக்குப் போட எடுப்பது. அந்த மட்டும் நிம்மதி.

மார்ச் 17

கணக்கு நடக்கிறது, காத்திருக்கிறோம். அண்ணி போனில், "கரன்ட் வைக்கிறப்போ குழந்தை பக்கத்துல வரக்கூடாதாமே, இங்க கொண்டுவந்து விடேன்" என்றார். வெளியிலிருந்து மெஷின் வழியாகக் கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது, குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம், கையில் தெம்பு இருந்தால். உள்ளே கதிரியக்கப் பொருள் வைக்கும் சிகிச்சைக்குத்தான் அந்தக் கட்டுப்பாடெல்லாம். இப்போது முளைத்திருக்கும் தலைமுடிக்கும் ஆபத்தில்லை, கதிர் படும் இடத்தில் மட்டும்தான் முடி கொட்டும்.

மார்ச் 20

திங்களன்று தொடக்கம். மொத்தம் 40 கிரே (கதிரை அளக்கும் அலகு), 15 தவணை, வாரத்தில் ஐந்து நாள். முன்பு 50 கிரேயை 25 தவணையாகக் கொடுப்பதே வழக்கமாம். கதிர் விடுவது சில நிமிடம்தான், சரியாகப் படுக்க வைக்கத்தான் நேரம் பிடிக்கும். தோல் சிவக்கும், களைப்பு போகப் போகக் கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். தேய்த்துக் குளிக்கக் கூடாது, தளர்வான பருத்தி உடை போதும்.

காலை நேரம் கேட்டேன். மதியம் 2.40தான் காலியாம். குழந்தை தூங்கும் நேரம் அது. சரி, இவர் பார்த்துக்கொள்ளட்டும்.